சாரலும் மரநாயும் வெளியே, காற்று மட்டும் உள்ளே: புறவாசல் கோழிக்கூடு பற்றி

தென்காசி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய புளியரைப் பக்கம் வீடு, புறவாசலில் கிணற்றுக்குப் பின்னால் கிழமேலாகப் பத்தடி, தென்வடலாக எட்டடி இடம், இப்போது 9 பெட்டையும் ஒரு சேவலும், இன்னும் மூன்று பெட்டை வாங்க யோசனை, கூரைக்குத் தகரமா ஓலையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்விக்கு நடுவே போகிறபோக்கில் வேறு சில விஷயங்களும் எழுதியிருக்கிறீர்கள். போன ஆடிச் சாரலில் இரண்டு கோழி மூச்சை இழுத்து இழுத்து விட்டன. போன மாதம் ஒரே ராத்திரியில் நாலு கோழி கழுத்து கடிபட்டுச் செத்துக் கிடந்தன, கீரி வேலை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதனால் வீட்டுக்காரர் நாலு பக்கமும் தகரத்தால் அடைத்துவிடலாம் என்கிறார். மாமியார் ஓலையே போதும், ‘நாங்க பஞ்சாரத்துல வளக்கலையா’ என்கிறார், பஞ்சாரம் என்றால் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கூடை. எல்லைக்கு அந்தப் பக்கம் புனலூரில் தெரிந்தவர் ஒருவர் பழைய ஹைடெக் கூடு, அதாவது முட்டைக்கோழிக்கான கம்பிக்கூண்டு, தருகிறேன் என்கிறார். இவ்வளவையும் சேர்த்துப் படித்தால் நீங்கள் கேட்பது கூரையைப் பற்றி மட்டும் இல்லை என்று தெரிகிறது. சாரலும் கடிக்கிற பிராணியும் நுழையாதபடி அடைக்க வேண்டும், ஆனால் கோழிக்குக் காற்று வேண்டும், இரண்டையும் ஒரே கூட்டில் எப்படிச் செய்வது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன், தகரம் ஓலை வழக்குக்கும் நடுவில் தீர்ப்பு இருக்கிறது.

நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இந்த எல்லைப் பக்கத்திலேயே பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவர் இல்லை, கொத்தனாரும் இல்லை. கோழி எதனால் சாகிறது, எந்தக் கூட்டில் தங்குகிறது என்பதை வீடு வீடாகப் பார்த்த அனுபவம் உண்டு. அளவுகளை நான் சொல்கிறேன், பூச்சு எத்தனைக்கு எத்தனை கலவை என்பதை உங்கள் கொத்தனாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டுக்காரர் யோசனை. நாலு பக்கமும் தகரம் அடித்தால் சாரல் நிற்கும், மரநாயும் நிற்கும், உண்மைதான். ஆனால் உள்ளே என்ன நடக்கும் என்று பாருங்கள். கோழிக்கு வியர்வை கிடையாது, உடம்புச் சூடே 41 டிகிரிக்கு மேல், சூட்டை வாயைத் திறந்து மூச்சு வழியாகத்தான் தள்ளும், ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் வெளியே வரும். எச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். பதின்மூன்று கோழி ஒரு ராத்திரி மூடிய பெட்டிக்குள் உட்கார்ந்தால் விடியும்போது தகரத்தின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அது தரையில் சொட்டும், எச்சத்தோடு சேரும், அதிலிருந்து அமோனியா கிளம்பும். காலையில் கதவைத் திறந்ததும் உங்கள் மூக்கில் சுருக்கென்று ஏறுகிறது என்றால், தரைக்கு ஓரடி உயரத்தில் தலை வைத்திருக்கிற கோழிக்கு அது இரவு முழுக்க ஏறியிருக்கிறது. கண் கலங்கும், மூச்சுக்குழாய் புண்ணாகும், அப்புறம் எந்தச் சளிக்கிருமி வந்தாலும் சுலபமாக உட்காரும். உங்கள் இரண்டு கோழிக்கும் வந்தது இதுதானா என்று பார்க்காமல் நான் சொல்ல முடியாது, வெள்ளைக்கழிச்சல் (ராணிகெட்) நோயின் தொடக்கத்திலும் மூச்சிழுப்பு வரும், சளி நோய்கள் வேறு வகையும் உண்டு. மறுபடி வந்தால் ஒரு கோழியைக் கூடையில் போட்டு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். ஆனால் எந்த நோயாக இருந்தாலும் ஈரமும் அடைசலும் அதைக் கூட்டும் என்பதில் சந்தேகம் இல்லை. எங்கள் பக்கத்தில் ஆடி ஆவணியில் காட்ட வருகிற கோழிகளில் பாதிக்கு மேல் மூன்று பக்கம் அடைத்த, தரை நசநசவென்று இருக்கிற கூட்டிலிருந்து வந்தவைதான் என்பது என் அனுபவம்.

குஞ்சுகளுக்கு ஈரத்தால் இன்னொரு ஆபத்து உண்டு. ரத்தக்கழிச்சலை உண்டாக்குகிற ஒட்டுண்ணியின் முட்டைகள் எச்சத்தில் விழுந்த உடனே தொற்றாது, வெதுவெதுப்பும் ஈரமும் காற்றும் கிடைத்து ஓரிரு நாள் பக்குவப்பட்ட பிறகுதான் தொற்றும். தரை காய்ந்திருந்தால் பெரும்பாலும் பக்குவப்படாமலேயே போய்விடும். மருந்துக்கடைக்குப் போவதற்கு முன்னால் தரையைப் பாருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இது.

சரி, அடைக்காமல் சாரலை எப்படி நிறுத்துவது? இங்கேதான் நம் ஊரின் காற்று நமக்கு உதவுகிறது. ஆனியிலிருந்து ஆவணி வரை சாரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதில் குழப்பமே கிடையாது, ஆரியங்காவு கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிறது. கயத்தாறு வரை காற்றாலை நட்டு வைத்திருப்பது அந்தக் காற்றை நம்பித்தான். உங்கள் மேற்கே வயல் திறந்து கிடக்கிறது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் தடுப்பே இல்லாமல் நேராக வந்து அடிக்கும். அதனால் கூட்டின் நீளத்தைக் கிழமேலாக வையுங்கள். தமிழ்நாட்டில் பண்ணைக் கொட்டகைகளுக்கும் இதையே சொல்வார்கள், அங்கே காரணம் வெயில், காலை மாலை வெயில் குறுகிய பக்கத்தில் மட்டும் விழும். உங்களுக்கு இரண்டு லாபம். குறுகிய மேற்குப் பக்கத்தை மட்டும் தரையிலிருந்து கூரை வரை சுவராக எழுப்பிவிட்டால் சாரலில் பெரும்பகுதி முடிந்தது. தெற்கும் வடக்கும் கிழக்கும் கம்பி வலைதான். காற்று வடக்கு தெற்காகக் கூட்டைக் கடந்து போகும், கோழி மேல் நேராக அடிக்காது.

சுழன்று அடிக்கிற நாட்களுக்கும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து மழை வருகிறபோதும் படுதா வேண்டும். தார்ப்பாயோ, தீவனச் சாக்கைத் தைத்ததோ எதுவானாலும் சரி. ஆனால் எல்லோரும் செய்வதுபோல மேலே கட்டிக் கீழே தொங்கவிடாதீர்கள். படுதாவின் கீழ் ஓரத்தை வலையின் அடியில் சட்டம் வைத்து அடித்துவிட்டு, மேல் ஓரத்தைக் கயிற்றால் மேலே இழுத்துக் கட்டுங்கள். அப்படிச் செய்தால் எவ்வளவு இழுத்தாலும் கூரைக்குக் கீழே முக்கால் அடி, ஒரு அடி திறப்பு தானாகவே மிஞ்சும். கோழி உட்கார்ந்திருக்கிற உயரத்தில் நனையாது, அதன் தலைக்கு மேலே சூடான ஈரக்காற்று வெளியேறும். மேலிருந்து தொங்கவிட்டால் நேர்மாறு, மேலே அடைபட்டு, கீழே காற்றில் படபடத்து, சாரல் காலடியில் புகும். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள், செலவும் இல்லை.

அளவுக்கு வருகிறேன். நாட்டுக்கோழி பகல் முழுக்க மேய்ந்துவிட்டு ராத்திரி தூங்க மட்டும் வருகிறது என்றால் கோழிக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி போதும். 13 கோழிக்கு ஆறுக்கு நாலு அடிக் கூடு, அதாவது 24 சதுர அடி, கணக்குக்குச் சரி. இருபது இருபத்தைந்து ஆக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே எட்டுக்கு நாலாகக் கட்டுங்கள், பிறகு இடித்துக் கூட்டுவது வீண் செலவு. உங்கள் இடத்தில் கூடு போக மிஞ்சுவதை, கிழக்கே நாலடியும் தெற்கே நாலடியும், வலை கட்டி ஒரு முற்றமாக வைத்தால் விடாமல் சாரல் அடிக்கிற நாட்களில் வெளியே விடாமலே காலாற விடலாம். அது இரண்டாம் கட்டம், கையில் பணம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

தரையைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. கால் வைத்து இரண்டரை அடி உயரத்தில், கமுகு மரத்தைப் பிளந்த சிராம்போ மூங்கில் பட்டையோ இடைவெளி விட்டுப் பரப்புவது ஒன்று, எச்சம் கீழே விழுந்துவிடும், தளம் காய்ந்தே இருக்கும், எல்லைக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு இதைப் பார்க்கலாம். மேடை கட்டி அதன்மேல் உமி பரப்புவது இன்னொன்று. இரண்டும் நல்லதுதான், வாடகை வீட்டில் இருப்பவருக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன். ஆனால் உங்களுக்கு மேடையே நல்லது என்று நினைக்கிறேன். சொந்த வீடு, வயல் ஓரம், தரையே ஈரமான ஊர், மரத்தால் கால் நட்டால் கறையான் விடாது, பட்டை இடுக்கு வழியே கீழிருந்து கோழியின் காலைப் பிடித்து இழுக்கிற பூனையும் மரநாயும் உண்டு, கீழே விழுந்த எச்சத்தை யாரும் ஒழுங்காக அள்ளாமல் ஈ மொய்ப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

மேடைக்கு நாலு அங்குல ஹாலோ பிளாக் போதும். ஆறுக்கு நாலு என்றால் சுற்றளவு 20 அடி, பதினாறு அங்குலக் கல் ஒரு வரிக்கு 15, இரண்டு வரி எழுப்பினால் 30 கல். உள்ளே செங்கல் ஜல்லி, உடைந்த ஓடு எல்லாம் போட்டு நிரவி, மேலே இரண்டு அங்குல கான்கிரீட், கதவுப் பக்கம் லேசான வாட்டம். ஒன்றரை அடி உயரம் வந்துவிடும், பெருச்சாளி குடைய முடியாது. மூலைக் கல்லின் குழியில் இரும்புக் குழாயையோ சவுக்குக் கம்பையோ நிறுத்தி கான்கிரீட் ஊற்றினால் அதுவே தூண், மரமாக இருந்தாலும் மண்ணைத் தொடாது. மேற்குச் சுவருக்கு வரிக்கு 3 கல் வீதம் ஏழு வரி, 21 கல், நாலே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஐம்பது கல்லும் சொச்சமும்தான் மொத்தக் கட்டுமானம்.

கூரையின் தாழ்ந்த பக்கம் மேற்கே இருக்கட்டும், கிழக்கே ஒரு அடி, ஒன்றேகால் அடி உயர்த்துங்கள். அப்போதுதான் ஆடிக்காற்று கூரைமேல் ஏறி அமுக்கிக்கொண்டு போகும். உயர்ந்த பக்கம் மேற்கே இருந்தால் அடியில் புகுந்து தூக்கும், தகரம் பறந்து போய் அடுத்தவர் தோட்டத்தில் விழுந்து சண்டை வந்த கதை எல்லா ஊரிலும் உண்டு. ஆணிக்குப் பதில் கொக்கி போல்ட் போடுங்கள். தெற்கிலும் வடக்கிலும் இறவாரம் இரண்டடி நீளட்டும், அதற்கு மேல் போனால் சின்னக் கூட்டில் காற்றுக்குத் தாங்காது.

இப்போது தகரமா ஓலையா. ஓலை குளிர்ச்சி, அதில் மாமியார் சொல்வது சரி. ஆனால் தென்னங்கீற்று இந்தச் சாரலில் சீக்கிரம் மக்கும், எலி கூடு வைக்கும், எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும், அப்புறம் செள்ளும் உண்ணியும் ஒளிய இடம். தகரம் மழைக்கு நல்லது, சித்திரை வெயிலில் அடுப்பு. அதனால் தகரத்தைப் போட்டு, மாசியிலிருந்து வைகாசி வரை மட்டும் அதன்மேல் கீற்றைப் பரப்பிக் கட்டுங்கள். சாரல் தொடங்குமுன் எடுத்து எரித்துவிடுங்கள். எலி குடியேற நேரம் இருக்காது. வீட்டில் இரண்டு பேர் சொன்னதும் நடந்த மாதிரியும் ஆயிற்று. செங்கோட்டைப் பக்கம் பழைய வீடு இடிக்கிற இடத்தில் சீமை ஓடு மலிவாகக் கிடைத்தால் அது இரண்டையும் விட நல்லது, ஆனால் நான் மேலே சொன்ன சரிவு ஓட்டுக்குப் போதாது. நடுவில் முகடு வைத்து இரண்டு பக்கமும் நன்றாகச் சரித்து இறக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றோடு வரும் சாரல் ஓட்டு இடுக்கில் ஏறி உள்ளே வடியும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் யாராவது சும்மா தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அறுக்கும்போதும் துளை போடும்போதும் பறக்கிற நார்த்தூசு நுரையீரலுக்குக் கெடுதல், கோழிக்குக் கூடு கட்டப் போய் கட்டுகிறவருக்கு நோய் வேண்டாம்.

கடிக்கிற பிராணிக்கு வருவோம். உங்கள் நாலு கோழியும் ராத்திரியில் செத்தன, கழுத்து கடிபட்டிருந்தது, தின்னப்படவில்லை என்கிறீர்கள். நம் ஊர்க் கீரி பகலில் வேட்டையாடுகிற பிராணி, இரவில் பொந்தில் தூங்கும். அதனால் நான் கீரியைவிட மரநாயையோ புனுகுப்பூனையையோதான் முதலில் சந்தேகிப்பேன், இரண்டும் இரவாளிகள், மலை ஓரத்தில் நிறைய, அடைபட்ட இடத்தில் கோழி படபடத்தால் தேவைக்கு மேல் கடித்துப் போடும். நாய் என்றால் இறகு சிதறிக் கிடக்கும், உடல் கிழிந்திருக்கும், வலை வளைந்திருக்கும். காட்டுப்பூனை பெரும்பாலும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விடும், மிச்சம் இருக்காது. குஞ்சு மட்டும் ஒன்றொன்றாகக் காணாமல் போனால் பெருச்சாளி. ரத்தமே இல்லாமல் முட்டை மறைந்தாலோ, குஞ்சு உடம்பெல்லாம் வழுவழுவென்று நனைந்து செத்துக் கிடந்தாலோ பாம்பு, விழுங்கப் பார்த்து முடியாமல் விட்டிருக்கும். இந்த அடையாளங்கள் ஒன்றோடொன்று கலந்தும் வரும், நீதிமன்றச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாயங்காலம் கூட்டைச் சுற்றி ஈரமண்ணைப் பரப்பி வைத்து மறுநாள் காலை கால்தடம் பார்த்தால் ஓரளவு தெரியும். எதுவாக இருந்தாலும் விஷம் வைப்பதும் பொறி வைப்பதும் வேண்டாம், மரநாய், கீரி, உடும்பு எல்லாம் 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறவை, வழக்கு உங்கள்மேல்தான் விழும். விஷத்தை உங்கள் கோழியே தின்பதும் நடக்கும்.

நல்ல செய்தி என்னவென்றால் எது வந்தது என்று கண்டுபிடிக்காவிட்டாலும் வைத்தியம் ஒன்றுதான், வலையும் கதவும். கடையில் கோழி வலை என்று கேட்டால் அறுகோணக் கண் போட்ட மெல்லிய வலையைத் தருவார்கள். அது கோழி வெளியே போகாமல் இருக்கத்தான், எதுவும் உள்ளே வராமல் இருக்க இல்லை. நாய் பல்லால் கிழிக்கும், துருவும் சீக்கிரம் பிடிக்கும். நீங்கள் கேட்க வேண்டியது வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்த வலை, அரை அங்குலக் கண். பணம் இடித்தால் கீழே மூன்றடிக்கு அரை அங்குலமும் மேலே ஒரு அங்குலமும் போடலாம், ஆனால் சாரைப்பாம்பு ஏறும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு அங்குலத்தில் சின்னப் பாம்பு தாராளமாகப் போகும். குஞ்சு பொரிக்க வைக்கிற எண்ணம் இருக்கிறது என்றால் முழுவதும் அரை அங்குலம்தான். வலையைச் சட்டத்தின் வெளிப்பக்கம் வைத்து, அதன்மேல் ரீப்பர் என்கிற மெல்லிய மரப்பட்டையை வைத்து அமுக்கி ஆணியடியுங்கள். வெளியிலிருந்து நாய் முட்டினால் வலை சட்டத்தோடு அழுந்தும். உள்பக்கம் வெறும் ஆணியை மடக்கி அடித்திருந்தால் நாலு முட்டில் பெயர்ந்துவிடும்.

கதவு கிழக்கே, இரண்டரை அடி அகலம், வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி. மேலே ஒரு தாழ், கீழே ஒரு தாழ். ஒரே ஒரு தாழ் நடுவில் இருந்தால் கீழ் மூலையைத் தள்ளி இடுக்கு உண்டாக்கிப் புகுந்துவிடும், மரநாய்க்குத் தலை நுழைந்தால் உடம்பு நுழையும். கதவுக்கு அடியில் அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். நான் பார்த்த கூடுகளில் வலை கிழிந்து போன கோழியைவிட, கதவு சரியாகச் சாத்தப்படாமல் போன கோழிதான் அதிகம். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் கூரையில் குறையுங்கள், பழைய தகரம் போடுங்கள், வலையிலும் கதவிலும் குறைக்காதீர்கள்.

பாம்புக்குப் பூண்டு நசுக்கிப் போடுவது, பினாயில் தெளிப்பது, கின்னிக்கோழியும் வான்கோழியும் வளர்த்தால் பாம்பு அண்டாது என்பது, இதெல்லாம் ஊர்ப்பேச்சு, நம்பிக் கூட்டைத் திறந்து போட முடியாது. கின்னிக்கோழி ஆள் அசைந்தாலே ஊரைக் கூட்டும், அந்த வகையில் காவலுக்கு நல்லது, அவ்வளவுதான். பினாயில் நெடி கோழியின் மூச்சுக்கே கெடுதல். கூட்டைச் சுற்றி நாலடிக்குப் புல்லும் விறகும் கல்குவியலும் இல்லாமல் வைத்திருப்பதும், தீவனத்தை ராத்திரி உள்ளே விடாமல் எடுத்துவிடுவதும்தான் எலியையும் அதன் பின்னால் வரும் பாம்பையும் குறைக்கும்.

உள்ளே சாமான் கொஞ்சம்தான். உட்கார இரண்டு கம்பு, ஆறடி நீளத்துக்கு, இரண்டு அங்குல அகலம், ஓரத்தை ஆசாரியிடம் சொல்லி இழைத்து உருட்டிக்கொள்ளுங்கள். கோழிக்கு எட்டு அங்குலம் வேண்டும், 13 கோழிக்கு ஒன்பது அடிக்குள், உங்களிடம் பன்னிரண்டு அடி இருக்கும். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும், ஏறுமாறாக வைத்தால் உயரமானதற்குத் தினமும் அடிதடி. இரும்புக் குழாயும் பிளாஸ்டிக் குழாயும் வழுக்கும், வேண்டாம். சின்ன உடம்பு நாட்டு ரகமான சிறுவிடைக்கு மூன்றடி உயரம் கூட வைக்கலாம், பெரிய ரகமான பெருவிடை வளர்த்தால் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம், கனத்த உடம்போடு தினமும் குதித்தால் உள்ளங்கால் புண்ணாகும். முட்டைப் பெட்டி ஓரடிக்கு ஓரடி, நாலைந்து பெட்டைக்கு ஒன்று வீதம் மூன்று, இருட்டான மூலையில், கண்டிப்பாகக் கம்பைவிடத் தாழ்வாக. பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே தூங்கி அசிங்கப்படுத்தும். மூன்று வைத்தாலும் எல்லாம் ஒரே பெட்டிக்கு வரிசையில் நிற்கும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. அடைக்கு உட்காருகிற கோழியை மட்டும் இந்தக் கூட்டில் வைக்காதீர்கள், மற்றதெல்லாம் அதன் முட்டையோடு முட்டையிடும், மிதித்து உடைக்கும். அதற்கும் குஞ்சோடு திரிகிற தாய்க்கும் பஞ்சாரம்தான் இன்றைக்கும் நல்லது, மாமியாரிடமே அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

தரையில் மூன்று அங்குலத்துக்கு நெல் உமியோ மர இழைப்புச் சீவலோ போடுங்கள். செங்கோட்டையில் மர அறுவைப் பட்டறைகளுக்குக் குறைவில்லை, ஆனால் மாவு போன்ற மரத்தூளை வாங்காதீர்கள், தூசு மூச்சில் போகும், சீவலாகப் பார்த்து வாங்குங்கள். வாரம் இரண்டு முறை கிளறிவிட வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உதிர வேண்டும், உருண்டையாக நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது, அந்த இடத்தை அள்ளிவிட்டுப் புதிது போடுங்கள், தென்னைக்கு நல்ல உரம். நாற்றத்துக்குச் சுண்ணாம்புத்தூள் போடு என்று எல்லோரும் சொல்வார்கள், நாங்களும் சொல்லியிருக்கிறோம். அது பாதிதான் சரி. கழுவிக் காய்ந்த தரையில் தூவி அதன்மேல் புது உமி போட்டால் கிருமிக்கு நல்லது. ஆனால் எச்சம் ஊறிய ஈர உமியின்மேல் தூவினால் சுண்ணாம்பின் காரம் அமோனியாவை இன்னும் கிளப்பிவிடும், அன்று ராத்திரி கோழிக்குத் திண்டாட்டம். முதலில் ஈரத்தை அள்ளுங்கள், பிறகு சுண்ணாம்பு.

செள் விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்லி விடுகிறேன். சிவப்புச் செள் பகலில் கோழிமேல் இருக்காது, கம்பு மாட்டியிருக்கிற இடுக்கிலும் மர வெடிப்பிலும் ஒளிந்திருந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். உண்ணியும் அப்படித்தான், மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். அதனால் கம்பைச் சுவரில் பதிக்காமல் கழற்றுகிற மாதிரி வையுங்கள், அவ்வப்போது எடுத்து வெயிலில் போட்டு, முனைகளில் வேப்பெண்ணெய் தடவினால் போதும். முற்றத்தில் ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கலந்து மழை படாமல் வைத்தால் மிச்சத்தைக் கோழியே குளித்துப் பார்த்துக்கொள்ளும்.

புனலூர்க் கூட்டை வாங்காதீர்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். கேரளத்தில் அந்த ஹைடெக் கூடுகள் பி.வி. 380 மாதிரி முட்டைக்கோழிக்காகச் செய்தவை, தீவனத் தொட்டி, கொத்தினால் சொட்டுகிற நிப்பிள் தண்ணீர் எல்லாம் இருக்கும், அந்தக் கோழி அதில் பழகிவிடும். மேய்ந்து பழகிய சிறுவிடையை அதில் போட்டால் கிளற இடமில்லை, மண் குளிக்க இடமில்லை, ஒன்றையொன்று கொத்த ஆரம்பிக்கும். அதோடு அதற்கு மேலே தனியாகக் கூரையும் சுற்றி அடைப்பும் வேண்டும், மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. ஆலப்புழைப் பக்கம் 2014, 2021, 2024 ஆண்டுகளில் பறவைக் காய்ச்சல் வந்தபோது புளியரைச் சோதனைச் சாவடியில் வண்டிகளுக்கு மருந்து தெளித்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி நேரத்தில் எல்லை தாண்டிக் கோழியோ பழைய கூடோ முட்டை அட்டையோ வாங்காமல் இருப்பது நல்லது. மற்ற நேரத்தில் எங்கே வாங்கினாலும், பழைய கூட்டில் ஒட்டிக் காய்ந்திருக்கிற எச்சத்தைச் சோப்புத் தண்ணீரில் சுரண்டித் தேய்த்துக் கழுவி, வெயிலில் நாலு நாள் காயப்போட்ட பிறகே பயன்படுத்துங்கள். எச்சம் ஒட்டியிருக்கும்போது மேலே எந்த மருந்தைத் தெளித்தாலும் அடியில் போய்ச் சேராது. புதிதாக வாங்கப்போகிற மூன்று பெட்டையையும் இரண்டு மூன்று வாரம் வேறு இடத்தில் தனியாக வைத்துவிட்டுச் சேர்க்க வேண்டும்.

எவ்வளவு நல்ல கூடு கட்டினாலும் வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரு வாரத்தில் காலியாகிவிடும், அதற்குத் தடுப்பு மருந்து மட்டும்தான். கால்நடைத் துறை பிப்ரவரியில் நடத்துகிற இருவாரத் தடுப்பூசி முகாமுக்குக் கொண்டு போங்கள், எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கையில் போடுவார்கள், குஞ்சுக்கு முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து உண்டு. உங்கள் மருந்தகத்தில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுகிறதானால் வைகாசிக்குள் முடித்துவிடுங்கள், சாரலில் கான்கிரீட் காயாது, ஈரத்தளத்தில் உமி போட்டால் முதல் வாரமே பூஞ்சை. முடிந்ததும் கோழியை உள்ளே விட்டு மூன்று நாலு நாள் வெளியே விடாமல் தீனியும் தண்ணீரும் உள்ளேயே கொடுங்கள், அப்புறம் பொழுது சாயத் தானாக வந்து ஏறும். சிறுவிடையில் ஒன்றிரண்டு அப்படியும் முருங்கை மரத்தில்தான் போய் உட்காரும், உங்கள் நாலு போனதில் எத்தனை அந்த ரகம் என்று தெரியவில்லை. இருட்டிய பிறகு அதைப் பிடித்துக் கம்பில் கொண்டுபோய் உட்கார வையுங்கள், அப்போது எதிர்ப்புக் காட்டாது. ஒரு வாரம் பத்து நாள் இப்படிச் செய்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். வராததைச் சந்தையில் கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது மாமியாரிடம் சொன்னால் குழம்புக்கு வழி சொல்வார்.